உழாத எட்டு வருஷம்

“உழவே வேண்டாம்னு உங்கப்பாவுக்கு யாரும்மா சொல்லிக்கொடுத்தது?” என்று மண் ஆய்வாளர் என்னிடம் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார்.

ஆய்வாளர் இரும்பு வளையத்தை நிலத்தில் பதித்துத் தண்ணீர் ஊற்றினார். மளமளவென்று உள்ளே போனது.

“எட்டு வருஷத்துல மண்ணு எப்படிப் பொலபொலன்னு ஆயிருக்கு! முதல்ல இறுகிக் கிடந்திருக்கும். ஊரே சிரிச்சிருக்குமே?”

“சோம்பேறின்னாங்க,” என்றாள் அம்மா.

“இனி அவங்களே பாடம் கேக்க வருவாங்க. ஐயா, ஒப்பிட்டுக் காட்டணும், பாதியை மட்டும் உழுதுடுங்க. டிராக்டர் கொட்டகையில சும்மாதானே நிக்குது?”



“கடைசியா உழுதப்போ எங்க சின்னவன் வண்டிக்குப் பின்னால நின்னான். இவர் பாக்காம பின்னால எடுத்துட்டாருங்க,” என்றாள் அம்மா, குரல் மாறாமல்.

அப்பா வரப்பில் ஏறி நடந்தார்.