ஆயுதக் குறைப்புப் பாடம்

மடிக்கணினியில் ஓவியாவின் பன்னாட்டு உறவுகள் வகுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. பேராசிரியர் ஆயுதக் குறைப்பு ஒப்பந்தங்களை விளக்குகிறார். அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் தாயில்பட்டிப் பக்கமிருந்து வந்த வெடிச்சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி இன்னும் அதிர்கிறது. நோட்டில் பாதியில் நின்ற சொல்லை ஓவியா முழுதாக எழுதி முடிக்கிறாள். எதிர்வீட்டு வள்ளித்தாய் வாசலுக்கு ஓடி வருகிறாள். "ஏத்தா, எந்தக் கம்பெனின்னு தெரியலையே. ஒங்கம்மாவுக்கு ஒரு போனு போடு." பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, அது இந்தத் தெருவுக்கே தெரியும். இருந்தாலும் ஓவியா போடுகிறாள். சமையலறை அலமாரியில், மஞ்சள்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில், அம்மாவின் போன் அடிக்கிறது. ஓவியா துண்டிக்கவில்லை, தன் போனைக் காதில் வைத்தபடியே நிற்கிறாள். கணினியின் மைக் திறந்தே இருக்கிறது. "யாரோட போன் அது?" என்கிறார் பேராசிரியர். "எடுத்துப் பேசிட்டு வாங்க."