ஞாயிற்றுக்கிழமைத் தூசி

"அடக்காதே. நன்னா இருமு!" என்று அதட்டினார் டாக்டர் வெங்கடசுப்ரமணியன். நாணு சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட இருமினான்.

டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்தார். "போதும். இடது பக்கக் கதவு வழியாப் போ." அந்தக் கதவு வழியாகப் போனவர்கள் ஒருவரும் திரும்பி வரவில்லை.

அடுத்து நின்றவன் ஆம்ப்ரோஸ், நாணுவின் பக்கத்து மெஷின்காரன். பெங்களூர்ப் பஞ்சாலை ஒன்றில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் இயந்திரத்தோடு மாரடிக்கிறவன் அவன். யுத்த ஆர்டர் குவிந்து கிடக்கும் நேரத்தில் இருமுகிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று ஆலை முழுக்கப் பேச்சு. வேலை போனால் ஆலை கொடுத்த வீடும் போகும். மனைவி பவுலினுக்கோ நிறைமாசம்.

அதிலும் பாவி மனுஷன் திங்கட்கிழமை மத்தியானமாகப் பார்த்தா பரிசோதனை வைப்பார்! ஞாயிறு ஒருநாள் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி தூசிக்குள் நுழைந்தால், திங்களன்று நெஞ்சு கயிறு போட்டது போல இறுகும். செவ்வாய், புதனில் தானாகத் தளரும். பஞ்சுக்காரர்கள் அத்தனை பேருக்கும் இது தெரிந்த கதைதான்.

ஆம்ப்ரோஸ் அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தான். நேற்று பூசைக்குப் போகாமல், இயந்திரம் துடைக்கும் வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, பொழுது சாயும்வரை தூசிக்குள்ளேயே கிடந்தான். லீவே கொடுக்காத நெஞ்சுக்குத் திங்கட்கிழமை ஏது?

"கோயிலுக்குக்கூட வராம அந்தத் தூசியத் தின்னணுமா?" என்று பவுலின் அழுதாள்.

"இன்னிக்கு அதத் தின்னாத்தான் நாளைக்குச் சோறு. கம்முனு இரு."

இப்போது குழாய் அவன் நெஞ்சில் பட்டது. "மூச்சை இழு. விடு. இன்னொரு தரம்."

தொண்டை அரித்தது. மாதாவே, இப்ப வேணாம் என்று எச்சிலை விழுங்கினான். டாக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு முதுகிலும் வைத்துக் கேட்டார்.

"கார்டிங்லயா இருக்கே? காலையிலேருந்து இறுக்கம் ஒண்ணும் இல்லையா?"

"இல்லீங்க சார். கல்லு மாதிரி இருக்கேன்."

"நிஜமாத்தானா? யோசிச்சுச் சொல்லு."

"மாதா சத்தியமா, சார்."

டாக்டர் குழாயைக் கழற்றினார். பிறகு, மனமில்லாதவர் போல, "வலது பக்கம் போ" என்றார்.

ஆம்ப்ரோஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே மேஸ்திரி ரெமிஜியஸ் காத்திருந்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "தப்பிச்சேன் மேஸ்திரி! பாவம், நாணுதான் மாட்டிக்கிட்டான். புள்ளகுட்டிக்காரன்."

மேஸ்திரி அவனை விநோதமாகப் பார்த்தார்.

"அவனுக்கென்னடா, நெஞ்சு கெட்டவங்களையெல்லாம் டாக்டரு அதே சம்பளத்துல தூசியே இல்லாத துணிக் கிடங்குக்கு மாத்திட்டாரு, அவன் மெஷினையும் இனிமே நீதான் பாக்கணும்!"