பெத்தணனுக்கு ஏறாத சீனம்

"'டா'ன்னா அடிக்கிறதுன்னீக. இப்பப் போன் பேசுறதுக்கும் டாவா? யாரை அடிக்கச் சொல்றீக டீச்சர்?"

ஸ்ரீமதி கண்ணை மூடித் திறந்தாள். மாதக்கணக்கில் இதே பாட்டு. சீன மொழியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த 'டா' வந்து நிற்கும். அது பிடிபட்டால் பாதிப் பேச்சு வந்துவிடும்.

"நாமளும் போன் அடிக்கோம், அச்சடிக்கோம், பெயிண்ட் அடிக்கோம். யாரையாவது கை நீட்டியா அடிக்கோம்? அது மாதிரிதான் அண்ணாச்சி."

"அப்பப் பெட்டி கட்டுறது?"

"அதுக்கும் டாதான். விலையைக் குறைக்கிறதுக்கும்."

பெத்தணன் தலையைச் சொறிந்தார். சிவகாசியில் அந்தக் காலண்டர் அச்சகத்துக்கு அவர்தான் மேனேஜர். ஆடிப்பெருக்குக்குள் சீனாவிலிருந்து மெஷின் இறக்க நினைத்த முதலாளி, பெத்தணன் சீனம் பேசப் பழகும் வரைக்கும் வந்தால் போதும் என்று ஸ்ரீமதியை வைத்திருந்தார்.

கணவனோடு சீனாவில், குவாங்சோ நகரத்தில் குடியிருந்தபோது கற்ற மொழி. அவன் இறந்த பிறகு அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். அண்ணியின் முகத்தில் விழிக்காமல் மூச்சுவிட இந்த ஒரு மணி நேரம்தான் உண்டு. நேரம் முடிந்தாலும் எழுந்திருக்க மனம் வராது.

ஆனாலும் இன்றோடு நின்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். செவிடன் காதில் சங்கு ஊதிவிட்டுச் சம்பளம் வாங்கக் கூச்சமாக இருந்தது. தனக்குச் சொல்லிக்கொடுக்கவே தெரியவில்லையோ என்ற நினைப்பு வேறு அரித்தது. முதலாளி வந்ததும் சொல்லிவிட வேண்டும்.

மேஜையில் போன் அடித்தது. பெத்தணன் எடுத்தார். மறுமுனையில் சீனக் குரல் படபடத்தது. நாளை அங்கே மெஷினைக் கப்பலில் ஏற்றுகிறார்கள், ஏதோ அவசரம்.

ஸ்ரீமதி போனுக்குக் கை நீட்டினாள். ஆனால் மெஷின் சமாச்சாரம் அவளுக்கு என்ன தெரியும்? பெத்தணன் அவளை ஒருமுறை பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு பேச ஆரம்பித்தார்.

சீனத்தில்தான். எங்கும் தடுக்கவில்லை. பெட்டியை எப்படிக் கட்டுவது என்று சொன்னார், அதற்குக் கேட்ட விலையைக் கொஞ்சம் குறைக்கவைத்தார், காலையில் மறுபடி போன் அடிக்கச் சொன்னார். எல்லா டாவும் அதனதன் இடத்தில், அவள் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பில், அச்சுப் பிசகாமல் வந்தன.

போனை வைத்துவிட்டு, ஸ்ரீமதியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"மொதலாளி கேட்டா நான் இன்னும் மக்குன்னே சொல்லுங்க டீச்சர். படிச்சுட்டேன்னு தெரிஞ்சா, நாளையிலேர்ந்து ஒங்களை வர வேண்டாம்னுருவாக."