அண்ணன் ஸ்டெப்

"இன்னொரு தடவை போடச் சொல்லுங்கோ. நான் சரியாப் பாக்கலை."

ஓனர் அனந்தநாராயணன் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். காலையில் செம்பூரில் காரில் ஏறும்போது அவர் மனதில் இருந்தது வேறு. அவருடைய ஹார்பர் பாஸ்கெட்பால் டீம் இந்த சீசனிலும் கடைசி இடம். செலவைக் குறைக்கிறேன் என்று ஆட்டக்காரர்களின் கைகாலைப் பார்க்க இருந்த பிசியோவை எப்போதோ நிறுத்திவிட்டார். இப்போது தாராவியிலிருந்து எடுத்த நாலு பையன்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெளியூரிலிருந்து ரெடிமேடாக ஆள் பிடிக்கலாம் என்று முடிவு கட்டியிருந்தார்.

"ஒரே ஒரு பிராக்டிஸ் பாருங்க சார், அப்புறம் அனுப்புங்க" என்று கெஞ்சி அவரை மாட்டுங்கா கோர்ட்டுக்கு வரவழைத்தவள் கோச் உமாமகேஸ்வரி. பந்தை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத நாளிலிருந்து அந்த நாலு பேரையும் வளர்த்தவள் அவள்தான். இன்று தேறாவிட்டால் அஸாருதீன் குர்லாவில் மாமாவின் வெல்டிங் பட்டறைக்குப் போய்விடுவான். சுதனுக்கு வடாலாவில் ஏதோ குடோன் வேலை தயாராக இருந்தது.

உமா விசில் ஊதினாள்.

அஸாருதீன் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான். அவனைத் தடுக்க நின்றவன் அவனைவிட ஒரு சாண் உயரம். கூடைக்குப் பக்கத்தில் வந்ததும் அஸாருதீன் வலது காலை முழுசாக ஊன்றாமல் ஒரு சின்னத் தத்து தத்தினான். இதோ எறியப்போகிறான் என்று நம்பி உயரக்காரன் எகிறினான். அவன் கீழே இறங்கும் நேரம் பார்த்து அஸாருதீன் இடது காலில் எழும்பினான். பந்து வளையத்தில் உரசாமல் உள்ளே விழுந்தது.

அடுத்து சுதன். அதே தத்து, அதே ஏமாற்றம். மற்ற இருவரும் அப்படியே. உயரக்காரனுக்கு என்ன வரப்போகிறது என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் நாலு தடவையும் ஏமாந்தான். கடைசியில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உமாவுக்கு இது புதிதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்த்தது. அவள் படித்த எந்தப் பாடத்திலும், பார்த்த எந்த வீடியோவிலும் இப்படி ஒரு அடி கிடையாது.

"யார் கத்துக்குடுத்தா இதை?" என்றார் ஓனர். குரல் தணிந்திருந்தது.

"அண்ணன் ஸ்டெப், சார்" என்றான் அஸாருதீன். "மாசானண்ணன் போடுறதுதான். பாத்துப் பாத்து ஏக்தம் அப்படியே எடுத்துக்கிட்டோம்."

எல்லோரும் திரும்பினார்கள். கேப்டன் மாசானம் கூடைக் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். டீம் கோப்பை வாங்கிய காலத்து ஆட்களில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

"நான் ஒண்ணும் சொல்லிக்குடுக்கலை சார். பயலுவளே பாத்துப் படிச்சிட்டானுவ."

இந்த அடக்கம் உமாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. மாசானத்துக்குத் தலைக்கனம் என்று டீமில் ஒரு பேர் உண்டு. பெருநாளன்று அஸாருதீன் வீட்டில் எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் பிரியாணியைப் பகிர்ந்து சாப்பிட்டபோது, இவர் மட்டும் தனித் தட்டை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றபடியே சாப்பிட்டார். அஸாருதீனின் அம்மா நஜ்முன்னிசாவுக்கு முகம் வாடிவிட்டது. "நம்ம வீட்டுத் தரையில உக்காந்தா கேப்டனுக்குக் கவுரவம் கொறஞ்சிருமாக்கும்" என்று பிறகு சொன்னாளாம்.

பையன்களுக்கோ அதுவும் ஸ்டைலாகிவிட்டது. மறுநாளிலிருந்து நாலு பேரும் டிபனை நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தார்கள். உமா திட்டியும் பயனில்லை.

ஓனர் எழுந்தார். "நாலு பேரும் இருக்கட்டும் உமா. அடுத்த சீசனுக்கும் சேர்த்து காண்ட்ராக்ட் போட்டுடலாம். நான் இத்தனை வருஷமா பாஸ்கெட்பால் பாக்கறேன், இந்த மாதிரி ஒண்ணைப் பாத்ததே இல்லை."

அஸாருதீன் சுதனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

கேட் வரை போன ஓனர் திரும்பினார். "ஆனா எல்லாரும் வலது கால்லயே பண்றா. நாலு மேட்ச்ல எதிராளி கண்டுபிடிச்சுடுவான். மாசானம், இடது கால்லயும் இதைச் சொல்லிக்குடுத்துடு."

"பாக்கலாம் சார்" என்றார் மாசானம்.

கார் புறப்பட்டது. பையன்கள் கோர்ட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். உமா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேப்டனிடம் வந்தாள்.

"உங்களாலதான் அவங்க பொழச்சாங்க, மாசானம். நாளையிலேருந்து இடது கால் ஆரம்பிச்சிடுவோமா?"

மாசானம் ஓனரின் கார் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது வராது மேடம்."

"ஏன் வராது? பசங்க பல தடவை கேட்டும் நீங்க காட்டவே மாட்டேங்கறீங்களாமே. வலதுல வர்றது இடதுல வராதா?"

மாசானம் பையன்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"எப்படி மேடம் வரும்? எனக்கு இடது முட்டி நல்லாத்தான இருக்கு."