மூன்று அறைகள் காலி

நெல் குடோன் எலிகளுக்கென்று ‘வளை முரசு’ என்றொரு நாளிதழ் வந்துகொண்டிருந்தது. அதன் நிருபர் மூஞ்சூறு ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்து ஆசிரியர் பெருச்சாளியின் முன் நின்றது.

“சார், பூனை நடத்துற விடுதியில தங்கின மூணு எலிங்களைக் காணோம். கொல்லைப்பக்கம் மூணு வால் கிடக்குது. என் கண்ணால பாத்தேன்.”

பெருச்சாளி மீசையைத் தடவிக்கொண்டது. “உண்மையை எழுதுறதுல நம்ம பேப்பரை அடிச்சுக்க ஆளே கிடையாதுய்யா. ஆனா முதல் பக்க விளம்பரம் யாருது?”

“பூனையோடது.”

“அப்போ ‘விடுதியில் மூன்று அறைகள் காலி’ன்னு எழுது. அதுவும் உண்மைதானே?”

மூஞ்சூறு அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனது.

மறுநாள் பேப்பரைப் பிரித்தால், அந்த மூன்று எலிகளும் அரைப் பக்கத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தன. ஆசிரியருக்கும் மனசாட்சி இருக்கிறதே என்று மூஞ்சூறு நினைத்துக்கொண்டது. பிறகுதான் படங்களுக்குக் கீழே இருந்ததைப் படித்தது: ‘கண்ணீர் அஞ்சலி. உங்கள் பிரிவால் வாடும் பூனை விடுதி நிர்வாகம்.’

“பாத்தியாய்யா?” என்றது பெருச்சாளி. “நாம எதையாவது மறைச்சோமா? செத்தவங்க பேரு, படம், எல்லாம் வந்திருக்கு. கொன்னவரே காசு கட்டிப் போட்டிருக்கார்.”