பதில் சொல்லாத மோட்டார்கள்

டில்லி ஆய்வகத்தின் லேசர் அறைக்குள் இருக்கும் கண்ணாடிகளை, வெளியே உட்கார்ந்தபடியே மோட்டார்களால் திருப்பலாம். ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததிலிருந்து அவற்றில் ஒன்றுகூடக் கம்ப்யூட்டருக்குப் பதில் சொல்லவில்லை.

“கடைசியா புரோகிராமை மாத்தினது அர்விந்த். எல்லாம் அவன் பண்ணின வேலை!” என்றார் தலைவர் அழகர்சாமி. எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டி, சோதனையிலிருந்தே நீக்கினார். மாலையில் அவர் அறை வாசலில் வந்து நின்றவனை, “நேரமில்லை, போ” என்று திருப்பி அனுப்பினார். அவன் வேலையை விட்டுவிட்டுப் புனேவுக்குப் போய்விட்டான்.

புரோகிராமைப் பழையபடி மாற்றியும் மோட்டார்கள் அசையவில்லை. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் கனிமொழி டார்ச்சுடன் மேஜைக்கடியில் குனிந்தாள்.

“சார், எல்லா மோட்டாருக்கும் ஒரே கேபிள்தான் போகுது. அதைச் செருகற இடத்துல ஏதோ மஞ்சளா காஞ்சு கிடக்கு.” சுரண்டி மோந்து பார்த்தாள். “அரே, சந்தனம்! யாரு சார் இங்க பூசினது?”

விடுமுறைக்கு முதல் நாள் எல்லோரும் போன பிறகு, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய சந்தனத்தைப் பன்னீரில் தளரக் குழைத்து, அந்தக் கேபிள் செருகும் பெட்டி உட்பட ஒவ்வொரு பெட்டிக்கும் பொட்டு வைத்தவர் அழகர்சாமிதான்.

அன்றே அர்விந்துக்குப் போன் செய்தார். “தப்பு என்னோடதுப்பா. சந்தனம்...”

“தெரியும் சார். நீங்க திட்டின அன்னிக்கே கேபிள்ல பார்த்துட்டேன். சந்தனக் கிண்ணம் உங்க மேஜைலதானே இருந்துச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“எல்லார் முன்னாடியும் எப்படி சார் சொல்றது? தனியா சொல்லலாம்னுதான் சாயந்திரம் உங்க ரூமுக்கு வந்தேன்.”