இன்னும் இருக்கு

இரண்டு பிள்ளைகளோடு எடுத்த படத்தைத் திரையில் காட்டினார் ஸ்டுடியோக்காரர். பார்த்ததும் செந்தாமரைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சின்னவன் பிறந்ததிலிருந்து சேலையை இழுத்து இழுத்து மறைத்துவந்த வயிற்றைப் படத்தில் காணோம்.

“சரி பண்ணிட்டேன்க்கா,” என்றார் அவர்.

பிறகுதான் மகளைக் கவனித்தாள். அம்மாவின் வயிற்றில் கன்னத்தை வைத்து நின்ற பிள்ளை, படத்தில் வெறும் காற்றில் தலை சாய்த்திருந்தாள்.

“பழையபடி வைங்க.”

“குண்டாத் தெரிவீங்கக்கா.”

“தெரியட்டும். எம்புள்ள சாஞ்சிருந்த எடம் அது.”

“இதுவே நல்லாத்தான இருக்கு, விடு,” என்றான் பக்கத்தில் நின்ற கணவன். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஸ்டுடியோக்காரர் வயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவந்தார்.

“போதுமாக்கா?”

“இன்னும் இருக்கு,” என்றாள்.